ஈத்தைக் குழலுக்குள் ஒரு தகப்பன்: காக்காச்சி மழை நாட்குறிப்பு

முதல் நாள்: மணிமுத்தாறிலிருந்து மேலே

அம்பாசமுத்திரத்தில் இருந்து வந்து மணிமுத்தாறு அணையைத் தாண்டினால் வனத்துறைச் சோதனைச் சாவடி. அங்கிருந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களை இணைத்து உருவாக்கியது. பரப்பு 895 சதுர கிலோமீட்டர். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு வண்டியும் மேலே போகாது. தவளை பார்க்க வருகிறவர்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் சாலையோரம் நின்று பார்க்கச் சுற்றுலா அனுமதி போதும். இரவில் காட்டுக்குள் நடப்பதற்கும் தவளையையோ முட்டையையோ தொடுவதற்கும் முதன்மை வன உயிரினக் காப்பாளரின் ஆய்வு அனுமதி வேண்டும். அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். தென்மேற்குப் பருவமழைக்கு வர நினைப்பவர்கள் கோடைக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். ஜூன் மாதம் எழுதிப்போட்டால் மழை முடிந்த பிறகுதான் பதில் வரும்.

மலைச்சாலை ஏற ஏறக் காடு மாறுவதை வண்டியில் இருந்தே பார்க்கலாம். அடிவாரத்தில் வெக்கை, முள்ளும் புதரும். சில வளைவுகள் தாண்டியதும் இலையுதிர் மரங்கள். மாஞ்சோலையில் தேயிலை. அதற்கும் மேலே காக்காச்சி, 1,200 மீட்டருக்கு மேலான உயரம். இங்கே மரங்களின் தண்டெல்லாம் பாசி. வெடிப்பலாவும் பாலியும் நிறைந்த மழைக்காடு. வெடிப்பலா காய்த்தால் சோலைமந்திகள் கூட்டமாக வரும். இரண்டு பருவமழையும் பிடிக்கிற மலை என்பதால் ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் தரை ஈரமாகவே கிடக்கிறது. நாங்கள் தேடி வந்த தவளை இவ்வளவு சின்ன உடம்போடு இங்கே பிழைத்துக் கிடப்பதற்கு இந்த ஈரம்தான் முதல் காரணம்.

அதன் பெயர் ராவோர்செஸ்டெஸ் கலாசோடெஸ். முழு வளர்ச்சியடைந்த ஆணின் நீளம் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர்; கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. ‘கலாசா’ என்றால் கிரேக்கத்தில் ஆலங்கட்டி. பச்சை முதுகில் ஆலங்கட்டி சிதறியதுபோல வெண்புள்ளிகள் இருப்பதால் அந்தப் பெயர். லண்டன் அருங்காட்சியகத்தின் குந்தர் 1876-இல் இதை விவரித்தார். பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படவில்லை. காணாமல்போன இந்திய நீர்நில வாழ்விகளைத் தேடும் இயக்கம் 2010-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு அறிவித்த மறுகண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. பேரினப் பெயரில் இருக்கும் ‘ராவ்’, பெங்களூரில் விலங்கியல் கற்பித்த சி. ஆர். நாராயண ராவ். ‘கரன்ட் சயின்ஸ்’ இதழின் முதல் ஆசிரியரும் அவர்தான்.

ஆங்கிலத்தில் இதைக் குமிழிக்கூட்டுத் தவளை என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் பெயரை விட்டுவிடுவது நல்லது. இது குமிழியும் கட்டுவதில்லை, நுரையும் கட்டுவதில்லை. இதே மலைத்தொடரில் வாழும் மலபார் பறக்கும் தவளை நீர்நிலைக்கு மேலுள்ள இலையில் நுரைக்கூடு கட்டும். அதன் தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழுந்து வளரும். நம் தவளைக்குத் தண்ணீர்த் தேக்கமே தேவையில்லை. அதற்கு வேண்டியது ஒரு மூங்கில், அந்த மூங்கிலில் ஒரு கீறல்.

இரண்டாம் நாள்: பகலில் ஈத்தை பார்ப்பது

தவளையைத் தேடுகிறவர்கள் நேராக இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் பெரும்பாலானோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஒரு முழுப் பகலை ஈத்தைக்கு ஒதுக்குங்கள்.

ஈத்தை என்பது ஓக்லாண்ட்ரா ட்ராவன்கோரிகா என்ற ஓடை மூங்கில். மலையாளத்தில் ஈற்ற. சமவெளி மூங்கிலைப்போல முள்ளும் முரட்டுத் தடிமனும் இல்லை. நாணலைப் பெரிதாக்கியதுபோல மெல்லிய சுவரும் நீண்ட குழலும் கொண்ட கழிகள், ஓடைக்கரையிலும் ஈரச் சரிவிலும் நெருக்கமான புதர்களாக நிற்கும். யானைக்கு விருப்பமான தீனி. புதருக்குள் நுழைவதற்கு முன் புதிதாக ஒடித்த கழியோ சூடு ஆறாத சாணமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். ஈத்தைக்குள் யானை நின்றால் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது.

பார்க்க வேண்டியது இரண்டு கணுக்களுக்கு நடுவிலுள்ள குழலை. இதைக் கணுவிடை என்போம். ஈத்தையின் கணுவிடை நீளமானது, உள்ளே காலி. நல்ல கழியில் இந்தக் குழல் முழுக்க அடைத்தே இருக்கும், காற்றுகூடப் புகாது. பூச்சி குடைந்தாலோ எலி, அணில் போன்றவை கடித்தாலோதான் சுவரில் திறப்பு உண்டாகும். தவளையால் ஓட்டை போட முடியாது. மூங்கிலைக் குடையும் அளவுக்குப் பல்லோ நகமோ இல்லாத உயிர் அது. யாரோ வைத்துவிட்டுப் போன கதவைத்தான் அது பயன்படுத்துகிறது.

கதவின் அளவைச் சொல்ல வேண்டும், அதில்தான் விஷயம் இருக்கிறது. ஆய்வாளர்கள் அளந்து பதிவுசெய்த திறப்புகள் 5 முதல் 10 மில்லிமீட்டர் நீளம், 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலம். கணுவிடையின் கீழ்ப்பகுதியில் இருப்பவை. அகலத்தை மனத்தில் கொண்டுவர ஒரு வழி: சட்டைப் பொத்தான் நுழையும் துளையை லேசாக விரித்துப் பாருங்கள், அவ்வளவுதான். ஆண் தவளை இதற்குள் உடம்பைப் பிதுக்கிக்கொண்டு நுழைகிறது.

தேடும் முறை இது. புதரின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள், நடுவிலிருந்து வேண்டாம். ஒரு கழியை எடுத்துக்கொண்டால் கீழிருந்து மேலே ஒவ்வொரு கணுவிடையின் அடிப்பகுதியையும் சுற்றிலும் பாருங்கள். கழியைப் பிடித்து வளைக்கக் கூடாது; மெல்லிய சுவர் கீறல் இருக்கும் இடத்தில்தான் முதலில் பிளக்கும். கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குக் குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடி உதவும். பழுப்பேறிய உறை கணுவைச் சுற்றி ஒட்டியிருந்தால் அதை உரிக்காதீர்கள், நிறையக் கீறல்கள் அதன் ஓரத்தில் மறைந்திருக்கும். பென்சில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பழுதில்லாத சுவர் மழமழவென்று மினுங்கும். திறப்பு இருக்கும் இடத்தில் ஒரு கரிய கோடு விழும்.

கண்டுபிடித்த திறப்புகள் எல்லாமே தவளைக்கு ஆகாது. எறும்புகள் வரிசையாகப் போய் வந்தால் விட்டுவிடலாம். வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் சில நாட்களாக ஒன்றும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மேற்பகுதியில் மட்டும் ஓட்டை இருந்தால் மழைநீர் உள்ளே இறங்கி நிற்கும். நீரில் வாழாத முட்டைக்கு அது ஒத்துவராது. அடியில் திறப்பு இருந்தால் வந்த நீர் வடிந்துபோகும். இந்தக் கடைசிக் காரணம் எங்கள் கணிப்பு. ஆனால் ஈத்தைப் புதரில் ஒரு மழை நேரம் நின்று பார்த்தவர்களுக்கு அது புரியும்.

தகுதியான கணுவிடைக்குப் பக்கத்தில், கழியில் தளர்வாக ஒரு பருத்தி நூலைக் கட்டி எண் எழுதிய சின்ன அட்டையைத் தொங்கவிடுங்கள். நைலான் கயிறோ பிளாஸ்டிக் நாடாவோ வேண்டாம். எடுக்க மறந்தால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: தரையிலிருந்து திறப்பின் உயரம், திறப்பின் நீள அகலம், கணுவிடையின் நீளமும் விட்டமும், புதரிலிருந்து ஓடைக்கு எவ்வளவு தூரம். அளவெடுக்கப் பிளாஸ்டிக் வெர்னியர், அதாவது மில்லிமீட்டர் அளக்கும் இடுக்கி அளவுகோல், போதும். இரும்பு வெர்னியர் இந்த ஈரத்தில் நான்கே நாளில் துருப்பிடிக்கும்.

மூன்றாம் நாள்: இருட்டில் காது

‘தவளை தன் வாயால் கெடும்’ என்பது பழமொழி. இந்தத் தவளைக்கு அது பாதிதான் பொருந்தும். குரல் கேட்கும், ஆள் தெரியாது. ஆண் குழலுக்குள் உட்கார்ந்து கத்துவதால் சத்தம் ஒரு புள்ளியிலிருந்து வருவதுபோல இருக்காது. மொத்தப் புதரும் சேர்ந்து கத்துவதுபோலத் தோன்றும். தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் குரல் இடம் மாறும்.

அந்தி சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பே இடத்துக்குப் போய் நின்றுவிட வேண்டும். இருட்டிய பிறகு நடந்து போனால் கால் பட்டு ஒரு கழி ஆடும். அடியில் எல்லாக் கழிகளும் ஒரே கிழங்கில் இணைந்திருப்பதால் அதிர்வு புதர் முழுக்கப் போய்விடும். உடனே அத்தனை குரலும் நிற்கும். மறுபடி தொடங்கக் கால் மணி நேரம்கூட ஆகலாம். பொறுமை இல்லாதவர்கள் அந்த மௌனத்தைப் பார்த்து ‘இங்கே இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கணக்கெடுப்பில் நேரும் பெரிய தவறு இதுதான்.

இடம் கண்டுபிடிக்க மூன்று பேர் வேண்டும். புதரைச் சுற்றி மூன்று பக்கம் நின்று, விளக்கை அணைத்து, ஒரே குரலை மூவரும் கேட்டு, அது வரும் திசையில் கையை நீட்டிக்கொண்டு நிற்பது. பிறகு மூவரும் சிவப்பு வெளிச்சத்தை ஒரே நேரத்தில் போட்டால் கைகள் காட்டும் கோடுகள் எங்கோ ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். பகலில் கட்டிய நூல் அந்த இடத்தில் இருந்தால் வேலை முடிந்தது. தனியாக வந்தவர்கள் இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டு மெல்லத் திரும்பலாம். ஓரளவு பலன் தரும்.

தலைவிளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் நேராகப் பட்டால் வெளியே இருக்கும் ஆண் அப்படியே உறைந்து நிற்கும். கீறலுக்குத் திரும்பிப் போக வேண்டிய நேரம் வீணாகும். வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், மழை எப்போது நின்றது ஆகிய மூன்றையும் குரல் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அவை இல்லாத எண்ணிக்கையை அடுத்த ஆண்டு எதனோடும் ஒப்பிட முடியாது. ஒலிப்பதிவுக்குக் கைபேசி போதும், ஆனால் மழைத்துளி இலையில் விழும் சத்தம் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். மழை விட்டுச் சொட்டுகள் ஓயும் வரை காத்திருங்கள்.

வெளியே ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால், அது ஈத்தை இலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பச்சை என்று சொன்னால் போதாது, விளக்கில் அது உள்ளிருந்து ஒளிர்வதுபோல் இருக்கும். அதன்மேல் வெண்புள்ளிகள். விரல் நுனிகள் சின்ன வட்டத் தட்டுகளாக விரிந்து இலை நரம்பைப் பற்றியிருக்கும். கண்ணைக் கவனியுங்கள்: கரிய கண்மணியில் பொன்னிறத் திட்டுகள். தவளைகளில் இப்படிக் காண்பது அரிது. தொடையின் உட்புறம் சாம்பல் கலந்த நீலம். உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாது, அடுத்த இலைக்குத் தாவும் நொடியில் மட்டும் பளிச்சென்று வந்து மறையும்.

அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் இங்கே அட்டை ஏறாமல் யாரும் நிற்க முடியாது. புகையிலைத் தூள், உப்பு, சுண்ணாம்பு என்று பழகியவர்கள் காலில் தேய்ப்பார்கள். தேய்த்த கையால் ஈத்தைக் கழியைத் தொடாதீர்கள். தவளை தோலால் நீரை உறிஞ்சுகிறது, மூச்சும் விடுகிறது. கையில் இருப்பது எல்லாம் அதன் உடம்புக்குள் போகும். கொசு மருந்தும் அப்படித்தான். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி உறை, அதாவது அட்டை சாக்ஸ், போதுமானது. அதை இங்கே வந்து தேடாமல் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

நான்காம் நாள்: குழலுக்குள்

இன்று எழுதுவது ஆய்வு அனுமதி உள்ளவர்களுக்கு. மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொண்டால் போதும். செய்து பார்க்க வேண்டாம்.

உள்ளே பார்க்கக் கைபேசியில் பொருத்தும் குழாய்க் கேமரா பயன்படுகிறது, மோட்டார் மெக்கானிக்குகள் இன்ஜினுக்குள் விட்டுப் பார்ப்பார்களே, அதே வகை. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 5.5, 7, 8 மில்லிமீட்டர் தடிமன். திறப்பின் அகலம் 3 முதல் 5. ஆகவே 5.5 உள்ளே போகவே போகாது; அழுத்தினால் கீறல் கிழிந்து விரியும். விரிந்த வாசல் வழியே பகையும் உள்ளே வரும். 4 மில்லிமீட்டருக்கும் குறைவான முனை கொண்டதைத் தேடி வாங்குங்கள். அதுவும் எல்லாத் திறப்பிலும் நுழையாது. நுழையாத இடத்தில் பார்க்காமல் விட்டுவிட வேண்டும். முனையிலுள்ள விளக்கைக் குறைந்த அளவில் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் பார்த்து எடுத்துவிடுங்கள். அதிக நேரம் வைத்தால் குழல் சூடாகும், ஆண் பதறித் துள்ளும், முட்டைகள் சுவரிலிருந்து கழன்று விழும்.

திரையில் தெரிவது இதுதான்: பச்சை கலந்த வெளிறிய சுவர், அதில் ஒட்டிய சில முட்டைகள். பொதுவாக 5 முதல் 8. சமவெளித் தவளை ஆயிரக்கணக்கில் இடும். இது விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இடுகிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் கரு முழுத் தவளையாகும் வரை தாங்கும் அளவுக்கு மஞ்சள்கரு இருக்கிறது. கூழ் கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதால் உள்ளே நடப்பதைப் பார்க்க முடியும். நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே கால்கள் முளைக்கும், வால் தோன்றித் தேயும், கடைசியில் சில மில்லிமீட்டர் அளவுள்ள முழுத் தவளைக்குஞ்சு வெளியே வரும். இந்தப் பேரினத்தில் 70-க்கும் மேற்பட்ட இனங்கள், அத்தனைக்கும் இந்த நேரடி வளர்ச்சிதான். மற்றவை தரைச் சருகிலோ இலையிலோ இடும்; மூங்கிலுக்குள் போய் இடுவதை இந்த மலைத்தொடரில் முதலில் விவரித்தது 2015-இல் லின்னியன் சங்கத்தின் உயிரியல் இதழில் வந்த கட்டுரை. கே. எஸ். சேஷாத்ரி, கே. வி. குருராஜா, டேவிட் பிக்ஃபோர்ட் ஆகிய மூவரும் எழுதியது. நம் தவளையோடு, கோழிக்கோடு மாவட்டத்துக் கக்கயத்தில் இருந்து 2007-இல் விவரித்த ராவோர்செஸ்டெஸ் ஓக்லாண்ட்ரே என்ற இன்னோர் இனமும் இப்படித்தான் என்று அதில் காட்டினார்கள்.

முட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தகப்பன். தாய் உள்ளே வந்து முட்டையிட்டுப் போய்விடும். ஆண்தான் காவல். மாலையில் இரை தேட வெளியே போய்த் திரும்புவதைத் தவிர அங்கேயேதான் இருக்கும். ஒரே குழலில் வெவ்வேறு வளர்ச்சியில் இருக்கும் முட்டைத் தொகுதிகளைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். காவல் இருந்துகொண்டே ஆண் மறுபடியும் கத்தும், இன்னொரு பெண்ணும் வரும்.

காவல் எதிலிருந்து? காய்ந்துபோவதும் பூஞ்சையும் எறும்பும்தான் பகை என்று முதலில் தோன்றும். தகப்பனை அகற்றிப் பார்த்த சோதனையில் முட்டைகள் வெகுவாக அழிந்தன, அழித்ததில் முக்கியமானது அதே இனத்தின் வேறு ஆண்கள். முட்டை இல்லாத ஆண், காவல் இல்லாத குழலுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுகிறது. 2018-இல் சேஷாத்ரியும் பிக்ஃபோர்டும் இதை வெளியிட்டார்கள். தகுந்த கீறல் உள்ள கணுவிடை காட்டில் எவ்வளவு அருமை என்பதை இரண்டாம் நாள் முழுக்கத் தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் கடுமை உடனே விளங்கும். அப்படிப் புகுந்த ஆணுக்கு ஒரே இடத்தில் தீனியும் வீடும் சேர்ந்து கிடைக்கிறது. அதனால்தான் காவல் ஆண் குரலை மாற்றி எச்சரித்து, பாய்ந்து விரட்டுகிறது. கேமரா முனையையும் அது இன்னோர் ஆணாகவே எடுத்துக்கொள்ளலாம். முனையை நோக்கிப் பாய்ந்தால் உடனே வெளியே இழுத்துவிடுங்கள்.

படத்துக்காகக் குழலைப் பிளப்பவர்கள் இருக்கிறார்கள். பிளந்த குழல் ஒரு மணி நேரத்தில் காயத் தொடங்கும். குழலைத் திரும்ப மூடி நார் சுற்றிவைத்தாலும் வாசல் பழைய அகலத்துக்கு வராது. அந்தப் படத்தின் விலை ஒரு முழுத் தலைமுறை. யாரும் அப்படிப் படமெடுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறோம்.

ஐந்தாம் நாள்: நாலுமுக்கு, பிறகு இறக்கம்

காலையில் நாலுமுக்கு, ஊத்து பக்கம். தமிழ்நாட்டின் மழைக் கணக்கில் அடிக்கடி முதலிடத்தில் வரும் ஊர்கள். சாலையோரத்தில் ஈத்தை இருக்கிறது, ஆனால் தேயிலை விளிம்பில் நிற்கும் புதர்களில் வெயில் நேராக விழுவதால் குழல் பகலில் சூடாகிறது. மரநிழலில் நிற்கும் புதர்களிலேயே தேடுங்கள்.

பெயர் குழப்பம் வேண்டாம்: 2012-இல் விவரித்த ராவோர்செஸ்டெஸ் காக்காச்சி என்ற தவளை இந்த ஊரின் பெயரையே தாங்கியது, பழுப்பு நிறம். நம் தவளை அதல்ல. பச்சையாகப் பார்த்ததை எல்லாம் கலாசோடெஸ் என்று எழுதுவதும் தவறு. வெண்புள்ளி, பொன்திட்டுக் கண், நீலத் தொடை மூன்றும் சேர்ந்தால்தான் எழுத வேண்டும். உலகளவில் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிட்ட இனம். அகத்தியமலைப் பகுதியில் சில இடங்களில் மட்டுமே தெரியும். புதரின் சரியான இருப்பிடத்தைப் படத்தோடு பொதுவெளியில் போடாதீர்கள்.

ஈத்தை கூடைக்கும் முறத்துக்கும் பாய்க்கும் வெட்டப்படுகிற செடி. வெட்டுகிறவர் நல்ல கழியைத்தான் தேடுவார்; பூச்சி விழுந்த கழியை ஒதுக்குவார். தவளைக்கு வேண்டியது அந்த ஒதுக்கிய கழி. வெட்டும் இடங்களில் பழுதான கழிகளை நிற்கவிட்டாலே ஒரு வீடு மிஞ்சும். புதரையே அடியோடு வழிக்கிற இடத்தில்தான் எதுவும் மிஞ்சாது. ஈத்தை பூத்துக் காய்த்தால் புதரே பட்டுப்போகும். அப்படிக் காய்ந்த சரிவுகளில் விதை முளைத்துக் கழி தடிமனாகும் வரை அங்கே வாசல் இராது. அந்த இடைவெளியில் பக்கத்துச் சரிவு வெட்டப்படாமல் நிற்க வேண்டும்.

இறங்குவதற்கு முன், அடுத்த மலைக்குப் போகிறவர்கள் காலணியைச் சுத்தம் செய்யுங்கள். நீர்நில வாழ்விகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. முதலில் சேற்றைப் பிரஷால் தேய்த்து முழுக்க நீக்க வேண்டும். சேறு இருந்தால் மருந்து அடியில் படாது. பிறகு 70 சதவீத எத்தில் ஆல்கஹாலைத் தெளித்து ஒரு நிமிடமாவது ஈரமாகவே வைத்திருந்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கேமரா முனைக்கும் வெர்னியருக்கும் ஒவ்வொரு புதருக்கும் இடையில் இதையே செய்து, காய்ந்த பிறகு மட்டும் அடுத்ததைத் தொடுங்கள்.

கட்டிய நூல்களை எண்ணி அவிழ்த்தாயிற்று. காவல் ஆண் இருந்த ஒரு கணுவிடையில் மட்டும், குஞ்சுகள் வெளியேறும் வரை பார்க்க வேண்டியிருப்பதால், நூல் அப்படியே இருக்கிறது. திறப்பு 7 மில்லிமீட்டர் நீளம், 4 அகலம், தரையிலிருந்து மார்பு உயரம்.